திறக்காத படம், ஓடாத வீடியோ: கேள்வி பதில்

வீட்டுக் கணினியில் திறக்க மறுக்கும் ஒளிப்படங்கள், வீடியோக்கள் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்பவர்கள் மூன்று விடயங்களை மறக்காமல் தாருங்கள். கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் என்ன எழுத்துகள், அது எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது, உங்களிடம் எந்த விண்டோஸ். புள்ளிக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை என்றால், கோப்புறையைத் திறந்து 'வியூ' பட்டியலில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பதில் கிடைக்கும்வரை எந்தக் கோப்பையும் அழிக்க வேண்டாம்.

கோண்டாவில்: ரொறொன்ரோவில் இருக்கும் தம்பி குடும்பம் கோடை விடுமுறைக்கு வந்து போனது. எடுத்த படங்களையெல்லாம் பென்டிரைவில் போட்டுத் தந்தார்கள். எல்லாம் எச்ஈஐசி என்று முடிகிறது. விண்டோஸ் 10 திறக்க மாட்டேன் என்கிறது. படங்கள் பழுதாகிவிட்டனவா?

அக்கா, படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் கமரா படங்களை இந்த வடிவத்தில்தான் சேமிக்கிறது. நாம் பழகிய ஜேபெக் 1992ஆம் ஆண்டின் தரநிலை. எச்ஈஐசி அதே தரமுள்ள படத்தை ஏறக்குறைய பாதி இடத்தில் அடக்கிவிடும். உள்ளே வேலை செய்வது எச்ஈவிசி என்ற வீடியோச் சுருக்க முறை. அதற்குக் காப்புரிமைக் கட்டணம் இருப்பதால் விண்டோஸ் அதைச் சும்மா கொடுப்பதில்லை.

மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் 'ஹெய்ஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' இலவசம். அதனுடன் 'எச்ஈவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதும் வேண்டும். அதன் விலை ஏறக்குறைய ஒரு அமெரிக்க டொலர். இரண்டையும் நிறுவினால் படங்கள் வழமைபோலத் திறக்கும். வெளிநாட்டுக் கட்டணம் செலுத்தும் அட்டை இல்லையென்றால் 'கிம்ப்' என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். அது எச்ஈஐசியைத் திறக்கும், ஜேபெக்காகவும் எழுதித் தரும். படத்தின் பெயரிலேயே எம்ஓவி என்று முடியும் சிறு கோப்புகளும் இருந்தால் அவற்றை வேண்டாத குப்பை என்று அழித்துவிடாதீர்கள். அவை 'லைவ் போட்டோ'வின் அசையும் பகுதி. பிள்ளைகளின் குரல் அதற்குள் இருக்கும்.

தம்பி அடுத்த முறை படம் எடுக்கும் முன், செட்டிங்ஸில் கமரா, ஃபோர்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கொம்பாட்டிபிள்' என்பதைத் தெரிவுசெய்தால் எல்லாம் ஜேபெக்காகவே வரும்.

ஒரு எச்சரிக்கை. 'எச்ஈஐசி மாற்றி' என்று தேடினால் வரும் இலவசத் தளங்களில் பிள்ளைகளின் படங்களை ஏற்றாதீர்கள். ஏற்றிய படம் எந்த நாட்டுக் கணினியில், யார் கையில், எவ்வளவு காலம் இருக்கும் என்று உங்களால் அறியவே முடியாது.

மானிப்பாய்: எனக்கும் அதே எச்ஈஐசிதான். ஆனால் விண்டோஸ் 7.

விண்டோஸ் 7இல் அந்த ஸ்டோர் இல்லை. கிம்ப் 2.10 பதிப்பு வேலை செய்யும். 2020 ஜனவரியோடு விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அந்தக் கணினியில் வங்கி வேலை எதுவும் பார்க்காதீர்கள்.

சாவகச்சேரி: ஓய்வுபெற்ற தபால் ஊழியர் நான். எங்கள் கலியாண அல்பம் 1995 இடப்பெயர்வோடு போய்விட்டது. வீடியோ ரேப்பின் ஒரு பிரதி கொழும்பில் மைத்துனர் வீட்டில் இருந்தது. 2002இல் பாதை திறந்த பிறகு அதை இரண்டு விசிடிகளில் பதிந்து எடுத்து வந்தோம். இப்போது கணினியில் போட்டால் 'எம்பெக்ஏவி' என்ற கோப்புறைக்குள் டிஏரி என்று முடியும் ஒரு பெரிய கோப்பு இருக்கிறது. எந்த மென்பொருளால் திறப்பது என்று கணினி என்னையே கேட்கிறது.

ஐயா, இதற்கு விரிவாகவே எழுத வேண்டும். உங்கள் கலியாணத்துக்கு மிஞ்சியிருப்பது அந்த இரண்டு தட்டுகள்தான்.

டிஏரி என்ற பெயரை எத்தனையோ மென்பொருள்கள் தம் சொந்தத் தரவுக்குப் பயன்படுத்துகின்றன. அதனால்தான் விண்டோஸ் தடுமாறுகிறது. உங்கள் கோப்பின் உள்ளே இருப்பது எம்பெக் 1 வீடியோ, 352க்கு 288 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள். 'விஎல்சி' என்ற இலவச மென்பொருள் அதை நேரடியாக ஓட்டும். பாரிஸில் மாணவர்கள் 1996இல் தொடங்கிய திட்டம் அது. விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை. அதை வெளியிடும் விடியோலான் அமைப்பின் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். பிறகு டிஏரி கோப்பின் மேல் வலப்பக்கச் சொடுக்குப் போட்டு, 'ஓபன் வித்' என்பதில் விஎல்சியைத் தெரிவுசெய்தால் போதும்.

பார்ப்பதற்கு முன் பிரதி எடுங்கள். விசிடியில் வீடியோ பதிந்திருக்கும் பகுதிக்கு, தரவுச் சிடிகளுக்கு இருப்பதுபோன்ற கூடுதல் பிழைதிருத்த அடுக்கு கிடையாது. அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். ஆகவே சிறு கீறலும் தாக்கும். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் பதிவுத் தடத்தோடு நீளவாக்கில் ஓடி அதிக தூரத்தைக் கெடுக்கும். பிறகு தட்டு முழுவதையும் கணினியில் ஒரு கோப்புறைக்குள் இழுத்துப் போடுங்கள், இன்னொரு பிரதியை வெளி வன்தட்டில் வையுங்கள்.

நெல்லியடி, ஸ்டூடியோ நடத்துபவர்: சனத்தை வீணாகப் பயப்படுத்துகிறீர்கள். நான் பல வருடமாக விசிடிகளை எம்பி4 ஆக மாற்றி, 1080 அளவுக்கு உயர்த்திக் கொடுக்கிறேன். தொலைக்காட்சியில் அருமையாக இருக்கிறது. அதன்பிறகு பழைய தட்டை எறிந்துவிடலாம்.

எறியக்கூடாது அண்ணை. விசிடியின் ஒரு படத்தில் இருப்பவை ஒரு இலட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 1080 படத்தில் இருபது இலட்சத்துக்கு மேல். நீங்கள் கொடுக்கும் எம்பி4இல் இருபதில் பத்தொன்பது புள்ளிகள் கணினி ஊகித்துப் போட்டவை. முகம் மழமழவென்று தெரிவது அதனால்தான். இன்னும் பத்து ஆண்டில் இதைவிட நல்ல முறை வரும்போது, மூலம் இருந்தால்தான் அதைப் பயன்படுத்த முடியும்.

மாற்றுவதிலும் இரண்டு வகை உண்டு. பனங்கட்டியை ஒரு குட்டானிலிருந்து எடுத்து இன்னொரு குட்டானில் வைக்கலாம். பனங்கட்டிக்கு ஒன்றும் ஆகாது. உருக்கி மறுபடி அச்சில் வார்க்கலாம்; ஒவ்வொரு முறையும் சட்டியில் கொஞ்சம் ஒட்டிப் போகும். 'எஃப்எஃப்எம்பெக்' என்ற இலவசக் கருவியில் 'கொப்பி' என்று கட்டளையிட்டால் நடப்பது முதல் வகை. வெளிக்கூடு மட்டும் மாறும், சில நொடிகளில் முடிந்துவிடும். 'ஹேண்ட்பிரேக்' செய்வது இரண்டாவது வகை. அதுவும் நல்ல மென்பொருள்தான், ஆனால் அது தருவது பார்ப்பதற்கான பிரதி மட்டுமே.

உரும்பிராய்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் டிஏரியை எம்பிஜி என்று பெயர் மாற்றினேன், தொலைக்காட்சியில் ஓடியது. மாற்றுவது அவ்வளவு சுலபம்தானே?

நீங்கள் மாற்றியது பெயரை. பெயரைப் பார்த்துக் கோப்பைத் தெரிந்தெடுக்கும் தொலைக்காட்சிகள் உண்டு, அவற்றுக்கு இந்த உத்தி பலிக்கும். நல்ல மென்பொருள் உள்ளே முதல் சில பைட்டுகளைப் பார்க்கும். ஜேபெக் படம் எந்தப் பெயரில் இருந்தாலும் 'எஃப்எஃப் டி8' என்றுதான் தொடங்கும். எச்ஈஐசிக்கு ஜேபிஜி என்று பெயர் வைத்தாலும் அது எச்ஈஐசியாகவே இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய 'மீடியா இன்ஃபோ' என்ற இலவசக் கருவி இருக்கிறது.

நெல்லியடி, மறுபடியும்: கடைக்கு வருபவர்கள் வட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு கோப்புக் கேட்கிறார்கள். பைட்டுக் கணக்கை யார் கேட்கிறார்கள்? அதையெல்லாம் சேமித்து வைக்க இடம் வேண்டாமா?

வட்ஸ்அப்புக்குச் சிறிய எம்பி4 கொடுங்கள், நல்லது. அதனுடன் தட்டின் முழுப் பிரதியையும் கொடுங்கள். ஒரு விசிடி அதிகம் போனால் 800 மெகாபைட். ஒரு டெராபைட் வன்தட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தட்டுகள் அடங்கும். இடம் ஒரு காரணமே அல்ல.

டிவிடியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நமது பக்கத்து டிவிடிகள் பெரும்பாலும் 720க்கு 576 புள்ளிகள். கமராவில் எடுத்தவற்றில் ஒவ்வொரு படமும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று இரண்டு தவணையாகப் பதிந்திருக்கும். கவனமில்லாமல் மாற்றினால் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு விழும். தாலி கட்டும் கைகளில் அது முதலில் தெரியும். அந்தக் கோடுகள் எம்பி4இல் பதிந்துவிட்டால் பிறகு சுத்தமாக நீக்குவது கடினம். வாடிக்கையாளருக்கு இது தெரியாது, உங்களுக்குத் தெரியும். அவர்கள் சார்பில் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சுவிஸிலிருந்து, சொந்த ஊர் கரவெட்டி: நீங்கள் இருவரும் எழுதுவதைப் பார்த்துத்தான் கேட்கிறேன். எங்களுக்கு ஒரு கடையில் மாற்றித் தந்த எம்பி4இல் எல்லோரும் பக்கவாட்டில் வீங்கித் தெரிகிறார்கள். தட்டு இப்போது இல்லை. அப்பாவின் நடமாட்டம் இருக்கும் ஒரே வீடியோ அது.

தங்கச்சி, இதைச் சரிசெய்யலாம். 4க்கு 3 அளவுப் படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டிருக்கிறார்கள். விஎல்சியில் ஓடவிட்டு 'ஏ' விசையைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். '4:3' என்று திரையில் வரும்போது அப்பா அப்பாவாகத் தெரிவார். எஃப்எஃப்எம்பெக்கில் அந்த விகிதத்தைக் கோப்பிலேயே எழுதிவிடலாம், மறுபடி உருக்கத் தேவையில்லை. மேலும் கீழும் வெட்டி அகலமாக்கியிருந்தால் தட்டு இல்லாமல் மீட்க வழியே இருந்திருக்காது. நெல்லியடி அண்ணை இதை வாசிக்க வேண்டும்.

நெல்லியடி: வாசித்தேன். நான் ஒருநாளும் இழுத்துக் கொடுப்பதில்லை. ஆனால் தட்டைத் திருப்பிக் கொடுத்தாலும் சனம் எறியத்தான் செய்யும்.

அவர்கள் எறிந்தால் அது அவர்கள் முடிவு. எறியச் சொல்வது நாமாக இருக்கக்கூடாது.

திருநெல்வேலி: விஓபி என்று முடியும் ஐந்து கோப்புகள். எதில் திறப்பது?

விஎல்சி. டிவிடிக் கோப்புகள் அவை, ஒவ்வொன்றும் ஒரு கிகாபைட்டுக்கு மேல் போகாதபடி வெட்டப்பட்டிருக்கும். 'வீடியோ ரிஎஸ்' கோப்புறை முழுவதையும் ஒன்றாகவே வையுங்கள்.

சுன்னாகம்: ஐபோன் படம் கணினியில் திறக்கவில்லை, எச்ஈஐசி என்று வருகிறது.

கோண்டாவில் அக்காவுக்கு எழுதிய பதில்.

அச்சுவேலி: பழைய நோக்கியா கைபேசியில் எடுத்த 3ஜிபி வீடியோவில் படம் ஓடுகிறது, அம்மம்மா பாடுவது மட்டும் கேட்கவில்லை. 'கொடெக் இல்லை, இங்கே சொடுக்குங்கள்' என்று ஒரு பக்கம் வந்தது.

சொடுக்காதீர்கள். கொடெக் என்பது படத்தையும் ஒலியையும் சுருக்கி விரிக்கும் நிரல். அதைத் தருவதாகச் சொல்லித் திடீரென்று திறக்கும் பக்கங்களை நம்பவே கூடாது. கணினிக்குள் கெட்ட மென்பொருள் புகும் பழைய வாசல் அது. அந்தக் கைபேசிகள் ஒலியை 'ஏஎம்ஆர்' என்ற முறையில் பதிந்தன. விஎல்சிக்கு அது தெரியும், அம்மம்மாவின் பாட்டுக் கேட்கும்.

வட்டுக்கோட்டை: கலியாணப் படம் எடுத்தவர் சிஆர்2 கோப்புகளைத் தந்துவிட்டார்.

கனன் கமராவின் மூலப் பதிவு. ஜேபெக்கும் கேட்டு வாங்குங்கள். சிஆர்2ஐ அழிக்காதீர்கள். நீங்களே திருத்த விரும்பினால் 'டார்க்டேபிள்' இலவசம்.

கைதடி: பேஜ்மேக்கரில் செய்த கல்வெட்டுப் புத்தகக் கோப்பு திறக்கவில்லை.

அது அச்சகத் துறை. பழைய பேஜ்மேக்கர் இன்னமும் வைத்திருக்கும் அச்சகத்தில் கேட்டு, பிடிஎஃப் ஆக்கி வாங்குங்கள்.

கொக்குவில்: மின்னஞ்சலில் ஒரு படம் வந்தது. நீங்கள் சொன்னபடி எக்ஸ்டென்ஷனைக் காட்ட வைத்தேன். ஜேபிஜி என்பதற்குப் பிறகு இன்னொரு புள்ளி, ஈஎக்ஸ்ஈ என்று இருக்கிறது.

திறக்காமல் உடனே அழியுங்கள். இந்தப் பக்கத்தில் நான் அழிக்கச் சொல்லும் ஒரே கோப்பு இதுதான். அது படமல்ல, உங்கள் கணினியில் ஓட அனுப்பப்பட்ட நிரல்.

இணுவில்: ஐபோன் படங்களை மகள் ஒரு இலவசத் தளத்தில் ஏற்றி மாற்றிவிட்டாள். சாமத்திய வீட்டுப் படங்கள். இப்போது என்ன செய்வது?

அந்தத் தளத்தில் 'டிலீட்' வசதி இருந்தால் இப்போதே பயன்படுத்துங்கள். பிள்ளையை ஏசாதீர்கள், அவள் உதவி செய்யத்தான் நினைத்தாள். மிச்சப் படங்களுக்குக் கிம்ப். வீட்டுப் படங்களைத் தெரியாத தளத்தில் ஏற்றாதீர்கள் என்று எத்தனை பேர் கேட்டாலும் எழுதிக்கொண்டே இருப்பேன்.

பருத்தித்துறை: கோயில் திருவிழாவைப் பதிந்துகொண்டிருந்தபோது கமராவின் பற்றரி தீர்ந்து நின்றுவிட்டது. எம்பி4 கோப்பு இரண்டு கிகாபைட் இருக்கிறது, விஎல்சியிலும் ஓடவில்லை.

தம்பி, படம் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறது. எம்பி4 கோப்பில் எந்தப் படம் எந்த இடத்தில் என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு, அதன் பெயர் 'மூவ்'. பல கமராக்கள் அதைப் பதிவு முடியும்போதுதான் எழுதும். உங்கள் கமரா எழுதுவதற்கு முன் நின்றுவிட்டது. 'அன்ட்ரங்க்' என்ற இலவசக் கருவி, அதே கமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றைப் பார்த்து அந்த அட்டவணையை மறுபடி கட்ட முயலும். ஆகவே அமைப்பு எதையும் மாற்றாமல் வேறொரு நினைவக அட்டையைப் போட்டு, ஒரு நிமிடம் ஏதாவது பதியுங்கள். பழுதான கோப்பு இருக்கும் அட்டையை மட்டும் மறுபடி கமராவில் போட வேண்டாம். கமரா அதில் புதிதாக ஏதாவது எழுதிவிடக்கூடும். அந்தக் கோப்பைக் கணினியில் பிரதி எடுத்து, பிரதியில் வேலை செய்யுங்கள். கருவி என்ன செய்தி காட்டுகிறது என்று அப்படியே எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.