பெட்டிங்கில் போன பணத்துக்குக் கொடுத்த செக்: நோட்டீசுக்கு என்ன பதில் போடுவது?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். உடன் படித்த நண்பன் ஐபிஎல் சமயத்தில் பெட்டிங் ஐடி ஒன்று கொடுத்தான். காசு இப்போது வேண்டாம், ஆடு, கடைசியில் கணக்குப் பார்க்கலாம் என்றான். ஆறு லட்சம் போய்விட்டது. கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு வெற்றுச் செக் வாங்கிக்கொண்டான். அப்புறம் ஜிபேயில் நான்கு தடவையாக 1,40,000 அனுப்பினேன். இப்போது ஒரு செக்கில் ஆறு லட்சம் என்று நிரப்பிப் போட்டு, அது பணமில்லை என்று திரும்பி, கடையை விரிவாக்கக் கைமாற்று வாங்கினேன் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறான். நோட்டீஸ் வந்து ஒன்பது நாள் ஆகிறது. கூடப்பிறந்தவன் மாதிரி நினைத்தவன் இப்படிச் செய்துவிட்டான். மனைவிக்கு எதுவும் தெரியாது. சூதாட்டப் பணம் என்பதால் செக் செல்லாதுதானே? போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாமா?

பதில்: நண்பன் செய்த துரோகத்தை எந்த மாஜிஸ்திரேட்டும் விசாரிக்கப் போவதில்லை, அதனால் அதை இங்கேயே விட்டுவிடலாம். போகிற போக்கில் ஒரு வரியில் சொன்னீர்களே, ஜிபேயில் அனுப்பிய 1,40,000, எனக்கு வேண்டியது அதுதான்.

செக்கை வங்கியில் போட்ட தேதியில் அதில் எழுதிய தொகை முழுவதும் சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடனாக நிலுவையில் இருந்ததா? செக் திரும்பியதற்குப் போடும் வழக்கில், அதாவது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138வது பிரிவு வழக்கில், இந்தக் கேள்விக்குப் பதில்தான் முடிவு. பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 30வது பிரிவு சொல்கிறது, அந்த வகையில் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அது பெட்டிங் பணம் என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், கோர்ட்டுக்குத் தெரியாது. கையெழுத்து உங்களுடையது என்று ஆனவுடனே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139வது பிரிவு அது கடனுக்குக் கொடுத்த செக் என்று அனுமானித்துக்கொள்ளும். வெற்றுச் செக்காகத்தான் கொடுத்தேன் என்பதும் உதவாது, நீங்களே மனமறிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்குக்கும் அந்த அனுமானம் உண்டு என்று பீர் சிங் வழக்கில் 2019லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவது வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம், எனவே அது கடனே இல்லை என்று சில வக்கீல்கள் நம்பிக்கை கொடுப்பார்கள். அந்த வாதத்தையும் 2025ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

இனி 1,40,000க்கு வருவோம். செக் கொடுத்த பிறகு கடனில் ஒரு பகுதியைக் கட்டியிருந்து, அதைக் கழிக்காமல், செக்கில் குறிப்பும் எழுதாமல் முழுத் தொகைக்கும் போட்டால் 138 நிற்காது என்று 2022ல் தஷ்ரத்பாய் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. உங்களுக்கு இருக்கும் நல்ல ஆயுதம் இதுதான். ஆனால் அவருடைய வக்கீலும் இதைப் படித்திருப்பார். மொத்தக் கடன் 7,40,000, கொடுத்தது போக மீதிக்குத்தான் இந்தச் செக் என்பார், இல்லையென்றால் அந்த 1,40,000 வட்டி என்பார். தேதியையும் அவரே நிரப்பியதால் நீங்கள் கடைசியாகப் பணம் அனுப்பியதற்குப் பிந்தைய தேதிதான் செக்கில் இருக்கும். அப்போது உங்களைக் காப்பாற்றுவது, பணம் அனுப்புவதற்கு முன்பே "மொத்தம் ஆறு ஆச்சு, செக் குடு" என்கிற மாதிரி அவர் போட்ட வாட்ஸப் செய்திதான். அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், வெறும் ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாதீர்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாட்சிய அதினியம்) 63வது பிரிவுப்படி சான்றிதழும் வேண்டும்.

இந்த மாதிரி வழக்கில் ஆட்கள் எங்கே விழுகிறார்கள் என்று தெரியுமா? நோட்டீசுக்குப் போடும் பதிலில்தான். பெட்டிங் என்று எழுதப் பயந்துகொண்டு, கடையில் வைத்திருந்த செக் தொலைந்துவிட்டது என்று எழுதுகிறார்கள், கூடவே அவசரமாகப் போலீசில் ஒரு காணாமல் போன புகார். அல்லது கையெழுத்தே என்னுடையது இல்லை. வங்கி கொடுத்த ரிட்டர்ன் மெமோவிலோ பணம் போதவில்லை என்றுதான் இருக்கும், கையெழுத்து வேறுபடுகிறது என்று இருக்காது. பிறகு குறுக்கு விசாரணையில், தொலைந்த செக்குக்காக எதற்கு ஐயா நான்கு தவணையாகப் பணம் அனுப்பினீர்கள் என்று கேட்டால் முடிந்தது கதை. முதல் பதிலில் சொன்ன ஒரு பொய், பின்னால் வரும் உண்மையான வாதத்தையும் சேர்த்துச் சாகடித்துவிடும்.

பெட்டிங் என்று ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்கிற பயம் நியாயமானதுதான். தமிழ்நாட்டின் 2022 ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ஆடியவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 138ல் 2 ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம். ஆனால் ஒன்றை உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: அந்த ஐடியை நீங்கள் மட்டும்தான் பயன்படுத்தினீர்களா? கடைப் பையன்கள், தெரிந்தவர்கள் பணத்தையும் உங்கள் கணக்கில் வாங்கி அவருக்கு அனுப்பினீர்களா? அப்படியிருந்தால் உங்களை ஆடியவராகப் பார்க்க மாட்டார்கள், நடத்தியவராகத்தான் பார்ப்பார்கள். அதற்கு 3 ஆண்டு, 10 லட்சம் வரை போகும். 2025ல் வந்த மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டமும் ஆடியவரை விட்டுவிட்டு நடத்துபவரையும் பணப் பரிமாற்றம் செய்து கொடுப்பவரையும்தான் குறிவைக்கிறது. இதனால்தான் மோசடிப் புகார் இப்போது வேண்டாம் என்கிறேன். உங்கள் கையெழுத்தோடு நீங்களே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் அது. விசாரணை என்று வந்தால் உங்கள் வங்கிக் கணக்கை முடக்கவும் செய்வார்கள், ஜவுளிக் கடையை எதை வைத்து ஓட்டுவீர்கள்?

என் யோசனை, முடித்துக்கொள்ளுங்கள். ஜெயிக்க வழியே இல்லை என்பதால் சொல்லவில்லை. வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், நடுவிலேயே 20 சதவீதம் வரை, அதாவது 1,20,000 வரை, இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லி 143ஏ பிரிவில் உத்தரவு வரலாம். பெட்டிங் நடத்திய விஷயம் வெளியே வருவதில் உங்களைவிட அவருக்குத்தான் ஆபத்து அதிகம், அது அவருக்கும் தெரியும். அதை மிரட்டலாகச் சொல்லிவிடாதீர்கள், அது தனிக் குற்றமாகும். கட்டியது போக 4,60,000 என்பதை உச்சவரம்பாக வைத்து, மூன்று, மூன்றரைக்குப் பேசச் சொல்லுங்கள்.

பேசி முடித்த பிறகும் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. டீக்கடையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, "செக்கு வீட்ல இருக்கு, அப்புறம் கிழிச்சுடறேன்" என்பதை நம்பி வந்துவிடுவார்கள். உங்கள் விஷயத்தில் இரண்டாவது செக் ஒன்று அவரிடம் இருக்கிறது, அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை! அதில் என்ன தொகை வேண்டுமானாலும் எழுதலாம், அது தனி வழக்கு. இரண்டு செக்கின் எண்ணும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், இரண்டும் அசலாகக் கைக்கு வந்த பிறகு டிடி கொடுங்கள். வழக்குப் போட்டுவிட்டால் லோக் அதாலத்தில் முடியுங்கள், உத்தரவாகவே கிடைத்துவிடும்.

நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணம் கட்டச் சட்டம் தரும் 15 நாளில் இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. பதிலை நீங்களே எழுதாதீர்கள், நண்பனிடம் போனில் கெஞ்சவும் வேண்டாம், அவர் பதிவு செய்வார். மனைவியிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வழக்கு வந்தால் சம்மன் வீட்டு முகவரிக்கும் வரலாம், அன்றைக்கு நீங்கள் கடையில் இருப்பீர்கள்.