பொரி போட்டால் மீன்கள் 'பச்சக் பச்சக்' என்கிறதே, அது வாய்ச் சத்தமா, தொண்டைச் சத்தமா?

காரைக்குடிப் பக்கம் ஊருணிப் படியில் உட்கார்ந்து பொரி போடும்போது உங்கள் காதில் விழுவது வாய்ச் சத்தம்தான். தொண்டைச் சத்தமும் உண்டு, ஆனால் அது தண்ணீரைத் தாண்டி வராது.

கட்லா, ரோகு, கெண்டை எதற்கும் தாடையில் பல் கிடையாது. வாயைச் சட்டென்று விரித்தால் தண்ணீரும் இரையும் சேர்ந்து உள்ளே போகும், தண்ணீர் செவுள் வழியே வெளியேறிவிடும். பொரி மிதப்பதால் கூடவே காற்றையும் உறிஞ்சிவிடுகிறது. 'பச்சக்' அந்தக் காற்றால் வருவது. இரை மூழ்கிவிட்டால் இந்தச் சத்தமும் நின்றுவிடும்.

பல் இருப்பது அடித்தொண்டையில், செவுளுக்குப் பின்னால். அதற்கு நேர் மேலே மண்டையோட்டின் அடியில் கெட்டியான தட்டு ஒன்று உண்டு. அம்மி மேலே, குழவி கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். நத்தை ஓடு, தானியம் எல்லாம் அங்கேதான் 'கறுக் முறுக்' என்று நொறுங்கும். ஜிலேபி மீனுக்குத் (திலாப்பியா) தொண்டையில் மேலும் கீழும் பல் உண்டு. நீருக்குள் எழும் ஒலியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்கு வரும் என்பதால் கரையில் இருப்பவருக்கு இது கேட்பதில்லை. கெண்டை, கெளுத்தி போன்ற இனங்களுக்குக் காற்றுப்பையிலிருந்து உட்காது வரை சிறு எலும்புகள் வரிசையாக இருப்பதால், பக்கத்து மீன் மெல்லுவது நன்றாகவே கேட்கும்.

நீங்களும் கேட்கலாம். மூன்றடி பிவிசி குழாயின் ஒரு முனையில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, அந்த முனையை ஓரடி ஆழத்தில் அமிழ்த்தி, மறுமுனையில் காதை வையுங்கள். பொரி போடாதீர்கள், மெல்லும் வேலையே இருக்காது. ஊறவைக்காத கடலைப் பிண்ணாக்குத் துண்டு சரியாக இருக்கும். குழாய் படியில் உரசினால் அந்தக் கரகரப்புதான் கேட்கும். ரப்பர் கசிந்து தண்ணீர் ஏறினால் ஒலி மங்கிவிடும். வீட்டுத் தொட்டி என்றால் காற்று மோட்டாரை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் காதை ஒட்டினாலே போதும்.

கையில் பிடித்த கெளுத்தி 'கிர்' என்பது வேறு கதை. அது பக்கத்து முள்ளை அதன் குழியில் உரசுகிற சத்தம், தீனிக்குச் சம்பந்தமில்லை.

கண்மாயில் மீன் வளர்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: இரை எதுவும் போடாமலே விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசியல்ல, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது. விராலும் பனையேறியும் காற்றுக்கு மேலே வருவது இயல்பு, கட்லாவும் ரோகுவும் வந்தால்தான் ஆபத்து. அன்றைக்குத் தீவனத்தை நிறுத்திவிட்டு, மோட்டார் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து விழவிடுங்கள்.