கீழாநெல்லி கொடுக்கலாம், ஆனால் எந்தக் காமாலை என்று முதலில் பாருங்கள்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "என் மகனுக்கு 19 வயது. ஒரு வாரமாகக் கண் மஞ்சள். ரத்தத்தில் பிலிருபின் (காமாலையில் கூடும் மஞ்சள் நிறமி) 6.2. மாமியார் கொல்லையிலிருந்து கீழாநெல்லி பறித்துவந்து தினமும் மோரில் கலக்கித் தருகிறார். இதுவே போதுமா, ஆஸ்பத்திரி மாத்திரையும் வேண்டுமா?"

அம்மா, நான் சித்த மருத்துவன். இந்தச் செடியை நிறையப் பேருக்குக் கொடுத்திருக்கிறேன். இருந்தாலும் முதல் கேள்வி இதுதான்: காமாலை எதனால் வந்தது? ஈரலைத் தாக்கும் வைரஸ்களில் குடிதண்ணீரில் பரவும் ஏ, ஈ வகைகள், ரத்தத்தில் பரவும் பி வகை, பித்தக்குழாயில் கல், எலிக்காய்ச்சல், சாராயம், காசநோய் மாத்திரை என எதனாலும் கண் மஞ்சளாகும். கல் அடைத்திருந்தால் கூடை கூடையாய் அரைத்துக் கொடுத்தாலும் அது நகராது.

ஏ வகையாக இருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே வடிந்துவிடும். அந்த நாட்களில் கீழாநெல்லி குடித்தவர்கள் அதனால்தான் குணமானது என்று நம்புவது இயல்பு. பி வகை அப்படியல்ல. சென்னையில் செய்து 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், அந்த வைரஸ் உடம்பில் தங்கிவிட்ட 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள். 22 பேருக்கு ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது. பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற புளூம்பெர்க்கும் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தார். எங்களுக்கெல்லாம் பெரிய நம்பிக்கை பிறந்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே பி வகைக்கு இதை மட்டும் நம்பி இருக்கச் சொல்ல என் மனம் ஒப்பாது.

மாமியார் பறித்தது சரியான செடிதானா? ஒரு கிளையைத் திருப்பிப் பாருங்கள். புளிய இலை போன்ற சிற்றிலைகளுக்குக் கீழே, குட்டிக் காம்பில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வழுவழுப்பான பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் சொரசொரப்பாக ஒட்டியிருந்தால் அது வேறு இனம். தக்காளிக்கு மருந்தடித்த கொல்லை வரப்பில் பறிக்கவே கூடாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கழுவுங்கள், மோருக்கும் அதே தண்ணீர்தான். பச்சைத் தண்ணீரில் கழுவினால் காமாலைக் கிருமியே மறுபடி உள்ளே போகலாம்.

அரைத்த கீழாநெல்லி நெல்லிக்காயளவு, காலையில் ஒரு வேளை போதும். அதைக் கொடுப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள், அவர் தந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். அப்புறம், வேறு பொடி, லேகியம் எதையும் சேர்க்க வேண்டாம். சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்திருக்கிறார்கள். காய்ச்சலுக்கு நீங்களாகவே பாராசிட்டமால் வாங்கித் தருவதும் ஆகாது. கையில் சூடு வைப்பது, கண்ணில் சாறு பிழிவது அறவே கூடாது. பத்தியம் என்று பையனை வெறும் கஞ்சியிலேயே போட்டுவிடாதீர்கள். ராகிக் களி, பருப்பு, சோறு என்று பசிக்கிற அளவுக்குச் சாப்பிடட்டும்.

பகலில் தூங்கி விழுகிறான், பேச்சு குழறுகிறது, வாந்தி நிற்கவில்லை, ஈறில் ரத்தம் கசிகிறது என்றால் அது எந்த நேரமானாலும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மலம் வெளுத்து உடம்பு அரித்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்கு இந்தச் சாறு வேண்டாம். ஈ வகைக் காமாலை கர்ப்பிணிகளின் உயிரையே வாங்கக்கூடியது என்பதால் அவருக்குக் கண் மஞ்சளானால் அன்றைக்கே காட்டுங்கள்.

இந்த வாரத்துக்குள் ஈரல் பரிசோதனையை மறுபடி எடுங்கள். ரத்தம் உறையும் நேரத்தையும் வைரஸ் வகைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பி பாசிட்டிவ் என்று வந்தால் வீட்டில் எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். கிருமி இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடலாம்.