மாநாட்டுக்கு முன்பே புரொவிஷனல் மனு போடுங்க

கல்லூரி லேபில் செஞ்ச மண் ஈரப்பத சென்சாரைப் பத்தின கட்டுரையை அடுத்த மாதம் மாநாட்டில் வாசிச்சிட்டு, அப்புறம் காப்புரிமை, கம்பெனின்னு போகலாமான்னு கேட்டிருக்கீங்க தம்பி. வரிசையை மாத்துங்க. கட்டுரை வெளியானா, காப்புரிமைக்கு வேண்டிய புதுமை போயிடும். கற்றோர் சங்கத்துல (துறை அறிஞர்களோட அமைப்பு) வாசிக்கிற கட்டுரைக்கு, 12 மாதத்துக்குள்ள மனு போட்டா நம்ம சட்டத்துல விலக்கு உண்டு. ஆனா ஐரோப்பாவுல அது எடுபடாது.

படிவம் 1 (மனு), படிவம் 2 (விவரணம்) வச்சு ஆன்லைன்ல புரொவிஷனல், அதாவது தேதியைப் பிடிச்சு வைக்கிற தற்காலிகக் காப்புரிமை மனு, போடுங்க. தனிநபருக்கு 1,600 ரூபாய். கண்டுபிடிப்போட முழு விவரணம் 12 மாதத்துக்குள்ள போகலைன்னா மனு கைவிட்டதா ஆயிடும். புரொவிஷனல்ல சொல்லாத பாகத்துக்கு அந்த மனு போட்ட தேதி கிடைக்காது, அதனால சர்க்யூட் படத்தோட எழுதுங்க.

யார் பேர்ல போடுறது? கல்லூரியோட அறிவுசார் சொத்துக் கொள்கையை முதல்ல வாங்கிப் படிங்க. உரிமை கல்லூரிக்குன்னு இருந்தா, உங்க கம்பெனிக்கு உரிமம் தர்றதை எழுத்துல வாங்குங்க. மரியாதைக்காகப் பேராசிரியரைக் கண்டுபிடிப்பாளரா சேர்க்காதீங்க.