தாத்தா ஷெட்டுல கெடச்ச பழைய சாமான் எதுக்குன்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒருத்தர் கேட்டிருக்காரு. தாத்தா காலத்து ஷெட்ட இடிக்கப்போறாங்களாம், பரண்ல ஒரு கோணிச்சாக்கு நெறைய இரும்புச் சாமான், அதுல நாலு எதுக்குன்னே புரியல, பழைய இரும்புக்கு போட்டுடலாமான்னு போட்டோ அனுப்பிருக்காரு.

தயவுசெஞ்சு போட்டுடாதீங்க. துருவையும் இப்போ தேய்க்காதீங்க, ஏன்னா எங்க தேஞ்சிருக்குன்னு பாத்துதான் அது என்ன வேலை செஞ்சுதுன்னே சொல்லமுடியும். பிடியோட தலை நசுங்கி ஓரம் விரிஞ்சிருந்தா, இல்ல தலைல இரும்புப் பூண் இருந்தா, அது அடிவாங்கின சாமான். வழவழன்னு இருந்தா உள்ளங்கைல வச்சு அழுத்தினது.

முதல் போட்டோல ஒரு அடி நீளத்துக்கு கூர் முனையோட, நடுவுல பள்ளம் ஓடுதே, அது குத்தூசி. நெல்லு வியாபாரி மூட்டையப் பிரிக்காமலே பக்கவாட்டுல குத்தி, ஒரு திருப்பு திருப்பி வெளிய இழுத்தா பள்ளத்துல நெல்லு வந்துடும், அத உள்ளங்கைல கொட்டி ஊதி, பதர் எவ்ளோ, நல்லா காஞ்சிருக்கான்னு கடிச்சுப் பாத்துதான் வெலை பேசுவாங்க. இப்போ கொள்முதல் நிலையத்துல மீட்டர் வச்சு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கான்னு பாக்குறதத்தான் அன்னைக்கு பல்லு பாத்துச்சு. டெல்டா வீட்டுல இது கெடைக்காம இருந்தாதான் ஆச்சரியம்.

குட்டி மண்வெட்டி மாதிரி இருக்கறது வாய்ச்சி, ஆசாரிங்க மரம் செதுக்குறது. சந்தேகம்னா வாயைப் பாருங்க, அதான் வெட்டுற ஓரம், பிடியப் பாத்த பக்கம் மட்டும் சாய்ச்சுத் தீட்டியிருக்கும். கலப்ப, நொகத்தடி எல்லாம் இதுல செதுக்குனதுதான், அதுக்கு கூலியும் அறுப்பு முடிஞ்சு களத்துலயே நெல்லா அளப்பாங்க.

மூணாவது, உருண்டைக் கட்டையும் தோல்வாரும், அது தமர், ஓட்ட போடுறது. வாரைக் கட்டைல சுத்தி இழுத்தா ஒரு தடவ இப்படியும் ஒரு தடவ அப்படியும் சுத்தும், அதனால முனைல ரெண்டு பக்கமும் கூர் இருக்கும். மேல அழுத்திப் பிடிக்க ஒரு மூடி இருந்திருக்கணும், கொட்டாங்குச்சியாக்கூட இருக்கலாம், சாக்குல தேடிப்பாருங்க, குப்பைன்னு வீசிடாதீங்க.

எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுட்டு அப்புறமா மண்ணெண்ணெய்ல ஊறவச்சு துணியால தொடைங்க. கிரைண்டர் மட்டும் வேண்டவே வேண்டாம், சூட்டுல வாய் நீலம் பூத்துச்சுன்னா உருக்கோட பதம் போச்சு, திரும்பக் கொல்லுப்பட்டறைக்குத்தான் கொண்டு போகணும். ஐப்பசி மழைக்கு முன்னாடி லேசா எண்ணெய் தடவி வைங்க.

நாலாவது ரம்பம்னு தெரியுது, எந்த மாதிரின்னு தெரியல. பல்லு பிடியப் பாத்து சாஞ்சிருந்தா இழுத்து அறுக்குற நம்மூர் ரம்பம், எதிர்ப்பக்கம் சாஞ்சிருந்தா தள்ளி அறுக்குற சீமை ரம்பம். பல்லு மட்டும் கிட்டக்க தெரியுற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க, சொல்றேன்.