அப்பத்தா வீட்டு மல்லிகையை பால்கனிக்குக் கொண்டுவர முடியுமா?

கேள்வி: நிலக்கோட்டைப் பக்கம் பூட்டிக் கிடக்கும் எங்கள் அப்பத்தா வீட்டை மாசியில் விற்கிறோம். அவர் வளர்த்த மல்லிகையும் பந்தல் அவரையும் மாமரமும் அங்கே நிற்கின்றன. கோவையில் எனக்கு இருப்பது பால்கனி மட்டும்தான். எதையெல்லாம் கொண்டுவரலாம்? அந்த மண்ணையும் கொஞ்சம் அள்ளி வரலாமா?

பதில்: முதலில் மல்லிகை. அது நம் ஊரில் பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. தோட்டக்காரர்கள் வாங்கும் கன்றுகள்கூட, ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடம் போன்ற ஊர்களில் குச்சி நட்டு வளர்த்தவைதான். குச்சியில் வருவது அதே செடி. அப்பத்தா பூப்பறித்த கொடியேதான் உங்கள் தொட்டியில் துளிர்க்கப் போகிறது.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். அப்பத்தாவுக்கும் அதை யாரோ ஒடித்துக் கொடுத்திருக்க வேண்டும். ஊரில் இருக்கும் பெரியவர்களிடம், "இந்தக் கொடி யார் வீட்டிலிருந்து வந்தது?" என்று கேளுங்கள். எங்கள் அம்மாவிடம் நான் இதைக் கேட்டபோதுதான், ஆச்சி பிறந்த ஊரின் பெயரே எனக்குத் தெரிந்தது. கல்யாணமாகி வந்த அடுத்த வருஷம் அவருடைய அண்ணன் கொண்டுவந்து கொடுத்த குச்சியாம். வீட்டுப் பத்திரத்தில் ஆச்சி பெயர் எங்குமே இல்லை. எங்கள் குடும்பத்துப் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்ல அந்தக் கொடிதான் இருந்தது.

வீட்டில் ஆள் இருந்தால் பதியன் போடச் சொல்வேன்; அதாவது கொடியை வெட்டாமலே வளைத்து, ஒரு கணுவை மண்ணில் புதைத்து வேர்விட வைப்பது. ஆனால் வேர்விட மூன்று மாதம் வரை ஆகும், ஈரமும் காயக்கூடாது. பூட்டிய வீட்டுக்கு அது சரிவராது. அதனால் மழை ஈரம் இருக்கும் இந்தக் கார்த்திகையிலேயே போய்க் குச்சி வெட்டுங்கள். இளம் பச்சையும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம். இடைப்பட்ட பருவத்தில், மூன்று நான்கு கணுவோடு ஒரு சாண் நீளம் போதும். ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் இரண்டு கணு புதையும்படி நட்டு நிழலில் வையுங்கள். பதினைந்து குச்சியாவது எடுங்கள், பாதி பட்டுப்போகலாம். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள், ஒன்றரை மாதம் பொறுங்கள். அப்புறம் பெரிய தொட்டிக்கு மாற்றி, தினம் ஐந்தாறு மணி நேரமாவது வெயில் படும் மூலையில் வையுங்கள். வெயில் இல்லாவிட்டால் இலைதான் வரும், பூ வராது.

அவரைக்கு விதை போதும். அதன் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் ரகம் அவ்வளவாகக் கலக்காது. ஆடியில் போட்ட கொடி மார்கழி, தையில் காய்க்கும். நல்ல காய்களாகப் பார்த்துக் கொடியிலேயே நெற்றாக விடுங்கள். நிழலில் காயவைத்துச் சாம்பலில் புரட்டி எடுத்து வைத்தால் அடுத்த ஆடிப்பட்டத்துக்கு ஆகும். அப்பத்தா அதை எப்படிச் சமைப்பார் என்பதையும் அத்தைகளிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மாமரம் பால்கனிக்கு வராது. கொட்டை போட்டு வளர்த்தால் அதே பழம் கிடைக்கும் என்றும் நம்ப முடியாது. அந்த மரத்தின் குச்சியை வேறொரு மாங்கன்றில் இணைத்து வளர்க்கும் ஒட்டுதான் வழி. பக்கத்து நர்சரியில் பேசிவிட்டு, அவர்கள் சொல்லும் பருவத்தில் நுனிக்குச்சி வெட்டிக் கொடுங்கள். விற்பதற்குள் பருவம் அமையாவிட்டால், வாங்குபவரிடம் இப்போதே அனுமதி கேட்டு வையுங்கள். சொந்தக்காரர் தோட்டம் ஏதாவது இருந்தால் கன்றை அங்கே வைக்கலாம்.

மண்ணைச் செடித்தொட்டியில் கலக்க வேண்டாம். மல்லிகை வேரில், கண்ணுக்குத் தெரியாத நூற்புழு இருந்தால் அதுவும் கூடவே வந்துவிடும். ஆசைக்கு ஒரு சீசாவில் எடுத்து அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியின் வெளிப்பக்கம் பெயின்டால் எழுதுங்கள்: யார் வீட்டுக் கொடி, எந்த ஊர், எந்த வருஷம் நட்டது. வேர்பிடித்த குச்சிகளில் இரண்டையாவது அத்தை வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். உங்கள் செடி என்றைக்காவது பட்டுப்போனால், திரும்பப் போய்க் குச்சி கேட்க ஒரு வீடு இருக்கும்.