ஆறு வருடத்துக்கு ஒருமுறை ஓட்டு: ஒரு அப்பாவுக்குப் பதில்

வணக்கம் சார். மகள் சட்டம் படித்து இங்கே சிகாகோவில் நீதிபதி ஆகப்போகிறேன் என்று சொன்னதிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். "ஜனங்க ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாமே, இதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்ற கேள்வி நியாயம்தான். நம் ஊரில் டி.என்.பி.எஸ்.சி. எழுதி சிவில் ஜட்ஜ் ஆனவர் வேலையைக் காப்பாற்ற ஓட்டுக் கேட்க வேண்டியதில்லையே.

சிகாகோ இருக்கும் இலினாய்ஸ் மாநிலத்தில் சர்க்யூட் நீதிபதி, அதாவது வழக்குகளை முதலில் விசாரிக்கும் நீதிமன்றத்தின் நீதிபதி, முதல் தடவை கட்சி வேட்பாளராக நின்று ஜெயிக்க வேண்டும். அப்புறம் ஆறு வருடத்துக்கு ஒருமுறை வாக்குச்சீட்டில் பெயர் வரும். எதிராளியும் இல்லை, கட்சியும் இல்லை. இவர் தொடரலாமா? ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். ஆனால் பாதிக்கு மேல் வாங்கினால் போதாது, 60 சதவீதம் 'ஆம்' வேண்டும். 2020-ல் அந்த மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி தாமஸ் கில்பிரைடுக்கு 56 சதவீதத்துக்கு மேல் கிடைத்தும் பதவி போனது.

கேட்டதும் வயிறு கலங்குகிறதா? சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 1990-க்குப் பிறகு 2018 வரை ஒரு நீதிபதிகூட இந்த ஓட்டில் தோற்கவில்லை. 2018-ல் தோற்ற மேத்யூ காக்லனை அந்தக் கவுண்டியின் டெமாக்ரடிக் கட்சியே ஆதரிக்க மறுத்திருந்தது. 50-க்கு மேற்பட்ட நீதிபதிகளின் பெயர் ஒரே சீட்டில் இருந்தால் யார் யாரைத் தெரிந்து ஓட்டுப் போடுவது? கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் வழக்கறிஞர் சங்கங்கள் தரும் மதிப்பீட்டைப் பார்ப்பார்கள். நேரத்துக்கு வருகிறாரா, வழக்குக் கட்டைப் படித்துவிட்டு உட்காருகிறாரா, எரிந்து விழுகிறாரா என்று வக்கீல்கள் சொல்வதுதான் அங்கே பேசும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது முதல் தேர்தலுக்கு. வேட்பாளராக நிற்க வாக்காளர்களிடம் கையெழுத்து சேகரிக்க வேண்டும், கட்சி ஆதரவு வேண்டும், பணம் வேண்டும். நன்கொடையை வேட்பாளர் தானே கேட்கக் கூடாது, குழு வைத்துத்தான் வாங்க வேண்டும். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்கு இது பெரிய சோதனை. அதற்கும் ஒரு வழி உண்டு: அசோசியேட் நீதிபதி. சர்க்யூட் நீதிபதிகளே ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுப்பார்கள். பதவிக்காலம் நாலு வருடம், பொதுமக்கள் ஓட்டே கிடையாது. சம்பளம் கொஞ்சம்தான் குறைவு. சர்க்யூட் நீதிபதிக்கே ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல்.

சரி, இதெல்லாம் வெகு தூரம். முதலில் நாலு வருடக் கல்லூரி, மூன்று வருடச் சட்டம், வக்கீல் உரிமத்துக்கான பார் தேர்வு. அந்தக் கல்விக் கடன்தான் என் கண்ணுக்கு ஓட்டுப்பெட்டியைவிடப் பெரிய பூதம். நீதிபதியாக அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலோ, ஏழைகளுக்கு வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்திலோ சேர்ந்தால் கோர்ட் பழகும். ஒருவேளை பின்னாளில் ஓட்டில் தோற்றாலும் பதவிதான் போகும், வக்கீல் உரிமம் போகாது.

வருகிற விடுமுறையில் அவளை சிகாகோவில் கோர்ட்டுகள் இருக்கும் டேலி சென்டர் கட்டடத்துக்கு ஒரு நாள் அனுப்புங்கள். ட்ராஃபிக் வழக்கிலிருந்து விவாகரத்து வரை அங்கே நடக்கும், பார்வையாளராக உட்காரலாம். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். சாயங்காலம் அலுத்துப்போய்த் திரும்பினாளா, பேசிக்கொண்டே வந்தாளா என்று எழுதுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.